வலி நின்ற காது

ஒரு முறுக்கைக் கடித்துக்கொண்டே இரண்டு காதுகளையும் விரலால் அடைத்துப் பாருங்கள். தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியின் இரைச்சல் மங்கும். தெருவில் போகும் ஆட்டோவும் மங்கும். முறுக்கு மட்டும் முன்னைவிட உரக்க நொறுங்கும். காதை மூடினால் எல்லாச் சத்தமும் குறைய வேண்டியதுதானே நியாயம்? வெளியிலிருந்து வருவது சிறுக்கிறது, வாய்க்குள்ளிருந்து வருவது பெருக்கிறது. அதெப்படி?

இதற்கு நெருங்கிய ஒன்றை 1834-இல் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வெபர் என்ற ஜெர்மானிய அறிஞர் எழுதிவைத்தார். அதிரும் பொருளைத் தலையில் வைத்து ஒரு காதை மூடினால், மூடிய காதில்தான் ஒலி உரக்கக் கேட்கிறது என்பது அவர் கண்டது. ஒலி உட்செவிக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. காற்றில் வந்து காதுத் துளைக்குள் புகுந்து செவிப்பறையைத் தட்டுவது ஒரு வழி. மண்டையோட்டு எலும்பே அதிர்ந்து நேராக உட்செவியை எட்டுவது இன்னொரு வழி. முறுக்கின் ஓசை பெரும்பாலும் இரண்டாம் வழியில் வருகிறது. தாடையும் மண்டையும் அதிரும்போது காதுத் துளையின் சுவரும் கூடவே அதிர்ந்து துளைக்குள் கொஞ்சம் ஒலியை உண்டாக்கும். துளை திறந்திருந்தால் அது வெளியே போய்விடும். விரல் மறித்தால் உள்ளேயே தங்கிச் செவிப்பறையில் மோதும்.

ஒரு குழந்தைக்குக் காது மந்தம் என்று தெரிந்தால் மருத்துவர் முதலில் தேடும் விடை இந்த இரண்டு வழிகளைப் பற்றியதுதான். பழுது உட்செவியிலும் நரம்பிலுமா, அல்லது ஒலி அங்கே போய்ச் சேரும் பாதையிலா? பாதையில் வரும் பழுதுக்குக் கடத்தல்வகைக் கேள்விக் குறைவு என்று பெயர். நம் ஊர்ப் பிள்ளைகளிடம் அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, மும்பையின் தாராவியிலும் செம்பூரிலும் தாய்மார்கள் ‘காது ஒழுகுது’ என்று சொல்கிற அந்தச் சீழ்தான். மழையில் வரும், வெயிலில் காயும், வலி இல்லை, பெரிதாக ஒன்றுமில்லை என்றே பல வீடுகளில் அதை எடுத்துக்கொள்கிறார்கள். இதில் ‘வலி இல்லை’ என்பதுதான் மோசம் செய்கிற பகுதி. அதைப் புரிந்துகொள்ளச் செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் சிறிய அறைக்குள் போக வேண்டும்.

அந்த அறைதான் நடுச்செவி. காற்று நிரம்பிய, மிகச் சிறிய இடம். அதற்கு அப்பால் நத்தை வடிவில் சுருண்ட உட்செவி இருக்கிறது. அதற்குள் இருப்பது காற்றல்ல, திரவம். இங்கேதான் இயற்கைக்கு ஒரு சிக்கல். காற்றில் வரும் ஒலி நீர்ப்பரப்பில் மோதினால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும், மற்றதெல்லாம் திரும்பிவிடும். நீச்சல் குளத்தில் மூழ்கியிருப்பவருக்குக் கரையில் நின்று கூப்பிடுவது சரியாகக் கேட்காததற்கு இது ஒரு பெரிய காரணம். செவிப்பறையும் சிற்றெலும்புகளும் இல்லாமல் ஒலி நேரே உட்செவித் திரவத்தில் மோதினால் நம் எல்லோருக்கும் அதே கதிதான்.

நடுச்செவி இந்தச் சிக்கலைத் தீர்க்கும் விதம் சுவரில் ஆணி அடிக்கும் விதம்தான். ஆணியின் தலை அகலம், முனை கூர்மை. தலையில் கொடுக்கும் விசை முழுவதும் முனையின் சிறு இடத்தில் குவிவதால் ஆணி இறங்குகிறது. செவிப்பறையில் ஒலிக்கு அதிர்ந்து வேலை செய்யும் பரப்பு சுமார் 55 சதுர மில்லிமீட்டர். அதன் அதிர்வைச் சுத்தி எலும்பு, பட்டடை எலும்பு, அங்கவடி எலும்பு என்ற மூன்று சிற்றெலும்புகள் கைமாற்றிக்கொண்டு போகின்றன. கடைசியில் அங்கவடியின் அடித்தட்டு உட்செவியின் சன்னலை அழுத்துகிறது. அந்தத் தட்டின் பரப்பு சுமார் 3 சதுர மில்லிமீட்டர்தான். பரப்பு சுருங்கியதால் மட்டும் அழுத்தம் ஏறக்குறைய 17 மடங்கு கூடுகிறது. எலும்புகள் நெம்புகோல் போல அமைந்திருப்பதால் இன்னும் கொஞ்சம் கூடி, மொத்தம் 20 மடங்கைத் தாண்டுகிறது. நீர்ப்பரப்பில் இழந்திருக்க வேண்டிய ஒலியில் பெரும்பகுதி இப்படி மீட்கப்படுகிறது. அங்கவடிதான் மனித உடலிலேயே மிகச் சிறிய எலும்பு. அரிசி மணியைவிடச் சின்னதான அதை நம்பித்தான் நம் பேச்சு வாழ்க்கை முழுவதும் இருக்கிறது.

செவிப்பறை தாராளமாக அதிர வேண்டுமென்றால் அதன் இரண்டு பக்கமும் காற்றழுத்தம் ஒன்றாக இருக்க வேண்டும். மும்பையிலிருந்து புனே போகும் ரயில் கர்ஜத்தைத் தாண்டிக் கண்டாலா மலையேறும்போது காது அடைக்கும். எச்சிலை விழுங்கினால் ‘டப்’ என்று திறக்கும். திறந்தது நடுச்செவியையும் மூக்கின் பின்புறத் தொண்டையையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழல். நடுச்செவியின் உள்தோல் அங்கிருக்கும் காற்றை ஓயாமல் உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், மலை ஏறாதபோதும் இந்தக் குழல் அடிக்கடி திறந்து புதுக் காற்றை விட வேண்டியிருக்கிறது. பெரியவர்களுக்கு இது சுமார் 36 மில்லிமீட்டர் நீளம், 45 பாகை சரிவு. கைக்குழந்தைக்கு நீளம் அதில் பாதி, சரிவு 10 பாகைதான். கிட்டத்தட்டப் படுத்த நிலை. குழலின் வாய்ப்புறத்தில் அடினாய்டு சதை வேறு வளர்ந்திருக்கும். ஆகவே சளி பிடித்த குழந்தைக்கு மூக்கிலிருக்கும் கிருமி காதுக்குப் போவது எளிது. காதில் சேர்ந்த நீர் தொண்டைக்கு வடிவது கடினம். படுக்கவைத்துப் புட்டிப்பால் கொடுக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதற்கும் இந்தச் சரிவுதான் காரணம்.

அப்படி ஏறிய கிருமி பெருகினால் மூடிய அறைக்குள் சீழ் சேர்கிறது, அழுத்தம் ஏறுகிறது, செவிப்பறை வெளிப்பக்கமாகப் புடைக்கிறது. குழந்தை இரவெல்லாம் அலறும். காதைப் பிடித்து இழுக்கும். வீட்டில் யாரும் தூங்க முடியாது. பிறகு விடியற்காலையில் திடீரென்று அழுகை நிற்கும். தலையணையில் ஈரம் இருக்கும். அம்மாவுக்கு நிம்மதி. ஆனால் உள்ளே நடந்தது என்னவென்றால், செவிப்பறை கிழிந்து சீழுக்கு வழி விட்டிருக்கிறது. அழுத்தம் போனதால் வலி போனது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்தக் கிழிசல் சில நாட்களிலோ வாரங்களிலோ தானே மூடிக்கொள்ளும். செவிப்பறைக்கு ஆறும் திறன் மிக அதிகம். சிலருக்கு மட்டும் மூடுவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் ஒழுகினாலே அதை நாட்பட்ட சீழ்வகை நடுச்செவி அழற்சி என்று கணக்கில் எடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காது மருத்துவர்கள் பலர் ஆறு வாரம், மூன்று மாதம் என்று வைத்துக்கொள்கிறார்கள். வலி ஒரு காவல்காரன் என்றால், நோய் நாட்பட்டதாக மாறும் நேரம் பார்த்துத்தான் அவன் போய்விடுகிறான். அதன் பிறகு குழந்தை அழாது. இழப்பு மட்டும் நடந்துகொண்டிருக்கும்.

ஏன் சிலருக்கு ஆறுவதில்லை? ஓட்டை விழுந்ததும் நடுச்செவிக்கு வெளியிலிருந்து இன்னொரு வாசல் திறந்துவிடுகிறது. குளிக்கும் தண்ணீர், மழைத்தண்ணீர், ஊக்கு, கோழி இறகு, எண்ணெய் எல்லாம் அதன் வழியே போகின்றன. முதலில் வந்த கிருமிகள் தொண்டையைச் சேர்ந்த நியூமோகாக்கஸ் போன்றவை. நாட்பட்ட காதிலிருந்து எடுத்த சீழை வளர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் கிடைப்பவர்கள் வேறு ஆட்கள்: சூடோமோனாஸ், ஸ்டெஃபிலோகாக்கஸ். சூடோமோனாஸ் ஈரத்தை விரும்புவது. குழாய், வாளி, தேங்கிய நீர் எங்கும் இருப்பது. வீட்டில் மிச்சம் இருந்த மாத்திரையைக் கொடுத்தால் கேட்காமல் போவதற்கு இந்த ஆள்மாற்றம் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் 2006-இல் தெளிவாகத் தெரியவந்தது. காதில் குழாய் வைக்கும் அறுவைக்கு வந்த குழந்தைகளின் நடுச்செவியிலிருந்து சிறு துண்டுத் தோல் எடுத்து, சிறப்பு நுண்ணோக்கியில் அமெரிக்க ஆய்வாளர்கள் பார்த்தார்கள். நாட்பட்ட அழற்சி இருந்த 50 மாதிரிகளில் 46-இல் பாக்டீரியாக்கள் தனித்தனியாக இல்லாமல், தாங்களே சுரந்த பசைக்குள் கூட்டமாகப் படிந்திருந்தன. இதை உயிரிப்படலம் என்கிறோம். அந்தப் பசைக்குள் மருந்து நுழைவது சிரமம். அடியில் இருக்கும் கிருமிகள் ஏறக்குறைய உறங்கும் நிலையில் இருப்பதால், பெருகும் கிருமியைக் கொல்லும் மருந்துக்கு அவை அகப்படுவதும் இல்லை. மருந்து கொடுத்ததும் காய்ந்த காது அடுத்த சளியில் மறுபடி ஒழுகும் மர்மத்தில் ஒரு பகுதி இதில் அவிழ்கிறது.

சொட்டு மருந்துக்கு வலு இங்கேதான். 0.3 சதவீத ஆஃப்லாக்சசின் சொட்டில் ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும் 3000 மைக்ரோகிராம் மருந்து இருக்கிறது. விழுங்கிய மாத்திரையிலிருந்து ரத்தத்தின் வழியாகக் காதுக்குப் போய்ச் சேர்வது சில மைக்ரோகிராம்தான். ஆனால் சீழ் நிரம்பிய காதில் சொட்டு விட்டால் அது சீழின் மேல்தான் மிதக்கும். ஆகவே முதலில் உலர்த்த வேண்டும்: சுத்தமான பஞ்சைத் திரி போலத் திரித்து மெதுவாக வைத்து, ஈரத்தை உறிஞ்சியதும் எடுத்துவிட வேண்டும், திரி உலர்ந்து வரும்வரை திரும்பச் செய்ய வேண்டும். குச்சி வேண்டாம். உலர்த்தினால் மட்டும் போதுமா என்று கென்யாவில் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு பெரிய சோதனை நடந்தது; 1996-இல் முடிவு வெளிவந்தது. உலர்த்துவதோடு மருந்தும் கொடுத்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நாலு மாதத்தில் ஒழுகல் நின்றது. உலர்த்த மட்டும் செய்தவர்களும் ஒன்றுமே செய்யாதவர்களும் ஒரே நிலையில், ஐந்தில் ஒருவருக்குச் சற்று மேல் என்ற அளவில், நின்றார்கள். ஒப்பிட்டுப் பார்த்திராவிட்டால், பஞ்சு வைத்ததால்தான் அந்த ஐந்தில் ஒருவருக்கும் சரியானது என்று நாம் நம்பியிருப்போம். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் மேல் நம் வீடுகளில் இருக்கும் நம்பிக்கையும் இப்படி வந்ததாகவே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தானே நிற்கவிருந்த ஒழுகலின் பேர் எண்ணெய்க்குப் போய்விடுகிறது. ஓட்டை உள்ள காதில் எண்ணெய் விடவே கூடாது. ஈரம் தங்கும், காளானும் சேரும்.

இனி, கேட்கும் திறன் எப்படிக் குறைகிறது என்று பார்ப்போம். ஓட்டை விழுந்தால் ஒலியைப் பிடிக்கும் பரப்பு குறைகிறது என்பது முதல் கணக்கு. அது சின்னக் கணக்குதான். பெரிய நட்டம் வேறு. ஓட்டை வழியாக ஒலி செவிப்பறையின் பின்பக்கமும் போய்ச் சேர்ந்து, முன்னால் தள்ளும் அழுத்தத்தைப் பின்னாலிருந்து எதிர்க்கிறது. இரண்டு பக்கமும் ஒரே தள்ளு என்றால் பறை அசையாது. தாழ்ந்த சுரங்களில் இது அதிகம். சிறு ஓட்டைக்கு 10, 20 டெசிபல் குறையலாம். பெரியதற்கு 40 வரை போகலாம். டெசிபல் கணக்கு ஏமாற்றக்கூடியது: 30 டெசிபல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம்.

அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்தால் எலும்பும் அரிக்கப்படும். முதலில் போவது பெரும்பாலும் பட்டடை எலும்பின் நீண்ட காம்பு. அதற்கு வரும் ரத்த ஓட்டம் குறைவு. அது அறுந்தால் பறைக்கும் உட்செவிக்கும் தொடர்பே இல்லை. இதில் ஒரு விசித்திரம்: ஓட்டையில்லாத முழுப் பறைக்குப் பின்னால் எலும்பு அறுந்திருந்தால், இழப்பு 60 டெசிபல் வரை போகும், ஓட்டையும் இருந்தால் அதைவிடக் குறைவாகவே இருக்கலாம். ஏனென்றால், முழுப் பறை இப்போது ஒலியைக் கடத்தும் உறுப்பு அல்ல, மறிக்கும் சுவர். காது பார்க்க நன்றாக இருப்பதும் கேட்பது நன்றாக இருப்பதும் வேறு வேறு.

இதைவிடப் பொல்லாத வகை ஒன்று உண்டு. செவிப்பறையின் வெளித்தோல் ஒரே இடத்தில் நிற்பதில்லை. நடுவிலிருந்து ஓரத்துக்கும், அங்கிருந்து காதுத் துளையின் வாய்க்கும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. பறையில் மைப்பொட்டு வைத்துவிட்டு நாள்தோறும் அது எங்கே இருக்கிறது என்று பார்த்து ஆய்வாளர்கள் இதை அறிந்தார்கள். நகரும் வேகம் நகம் வளரும் வேகத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்று. காதுக்குள் அழுக்கு தானாக வெளியே வருவது இதனால்தான். யூஸ்டேஷியன் குழல் வேலை செய்யாமல் பறையின் மேற்பகுதி உள்ளே இழுக்கப்பட்டுப் பை போல ஆகிவிட்டால், நகரும் தோல் வெளியே வர வழியில்லாமல் அந்தப் பைக்குள்ளேயே உதிர்ந்து சேர்கிறது. கொலஸ்டியாட்டோமா என்பது இதுதான். புற்றுநோய் அல்ல. ஆனால் வளர வளர எலும்பை அரித்து முகநரம்பு, சமநிலை உறுப்பு, மூளையின் உறை வரை போகக்கூடியது. இதில் சீழ் கொஞ்சமாகத்தான் வரும், நாற்றம் மட்டும் கடுமையாக இருக்கும். நிறைய ஒழுகும் காதைப் பார்த்துப் பயந்து, கொஞ்சமாக ஒழுகி நாறும் காதை விட்டுவிடுவது மனித இயல்பு; ஆபத்து தலைகீழாக இருக்கிறது. சில சமயம் அரிக்கப்பட்ட எலும்பின் இடத்தை இந்தத் தோல் உருண்டையே நிரப்பி ஒலியைக் கடத்தும். ஆகவே காது நன்றாகக் கேட்கிறது என்பதும் இங்கே நல்ல செய்தி அல்ல. காதுக்குப் பின்னால் வீக்கம், தலைசுற்றல், வாய் கோணுதல், காய்ச்சலோடு கடும் தலைவலி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூடிய தலைக்குள் இத்தனையும் நடக்கையில், பழுது பாதையில்தான் என்று எப்படித் தெரிகிறது? வெபர் கண்டதோடு 1855-இல் ஹைன்ரிக் அடோல்ஃப் ரின்னே என்ற ஜெர்மானிய மருத்துவர் சொன்ன சோதனை சேர்ந்துகொண்டது. விநாடிக்கு 512 முறை அதிரும் இசைக்கவையின் காம்பைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் வைக்கிறார்கள். ஒலி தேய்ந்து கேட்காமல் போனதும் கவையைக் காதுத் துளைக்கு முன்னால் கொண்டுவந்தால், நல்ல காதுக்கு மறுபடி கேட்கும். காற்றுவழி எலும்புவழியைவிட மேலானது. ஒழுகும் காதில் இது மாறிவிடும்: எலும்பில் வைத்தால் கேட்பது, முன்னால் வைத்தால் கேட்காது. நெற்றி நடுவில் வைத்தால் பழுதான காதில்தான் உரக்கக் கேட்கும். முறுக்குக்காக நீங்கள் விரலால் அடைத்தது போல அந்தக் காதை நோய் அடைத்திருக்கிறது. இன்று ஆடியோமீட்டர் இரண்டு வழிகளையும் தனித்தனியாக அளந்து இரண்டு கோடுகள் வரைகிறது. கோடுகளுக்கு இடையே உள்ள தூரம்தான் பாதையின் பழுது. பழுது பார்த்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கலாம் என்பதற்கும் அதுவே அளவு. உட்செவி பெரும்பாலும் நல்லபடி காத்திருக்கிறது. ஆனால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க முடியாது. உட்செவியின் வட்டச் சன்னலை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு வழியாக அழற்சியின் நச்சுகள் கசிந்து நரம்புப் பகுதியையும் கெடுக்கலாம். அந்த இழப்புக்கு அறுவை கிடையாது. ஜென்டாமைசின் போன்ற சில சொட்டுகளும் ஓட்டைக் காதில் உட்செவியைத் தொடக்கூடியவை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விடக் கூடாது என்பது இதனால்.

பள்ளிக்கூடத்தில் இந்த 30 டெசிபல் என்ன செய்யும்? நேருக்கு நேர் பேசினால் பிள்ளை பதில் சொல்லும். பெயர் சொல்லி உரக்கக் கூப்பிட்டால் திரும்பும். அதனால் காது கேட்கவில்லை என்று யாருக்கும் தோன்றாது. கைவிட்டுப் போவது சொற்களின் ஓரங்கள். பேச்சுத் தமிழில் ‘வந்தான்’ என்பதன் கடைசி எழுத்து ஒரு மூக்கொலியாகத் தேய்ந்துவிடுகிறது. ‘வந்தாள்’ என்பது ‘வந்தா’ என்று நின்றுவிடுகிறது. ஆணா பெண்ணா என்பது ஒரு சிறு மூக்கொலியில் தொங்குகிறது. வேற்றுமை உருபும் காலமும் இப்படிச் சொல்லின் வாலில்தான் உட்கார்ந்திருக்கின்றன. தாராவிப் பிள்ளைக்கு இதோடு இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் தெருவிலும் வகுப்பிலும் காது வழியாகவே வந்து சேர வேண்டும். இந்தியில் சாப்பாட்டுக்கும் பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் எழுத்தில் காட்டவே முடியாது. இரண்டையும் ‘கானா’ என்றுதான் எழுதுவோம். மூச்சு கலந்த அந்த ஓசையைக் காது மட்டுமே பிள்ளைக்குக் கற்றுத்தர முடியும். அரைகுறையாகக் கேட்கும் பிள்ளை ஊகித்து ஊகித்துக் களைத்துப்போகும். சீழ் இருக்கும் மாதத்தில் ஒரு மாதிரி கேட்கும், காய்ந்த மாதத்தில் வேறு மாதிரி கேட்கும். பார்ப்பவர்களுக்கு அது ‘வேணும்னா கேக்கும்’ என்ற பிடிவாதமாகத் தெரியும். இந்தத் தப்பான தீர்ப்புதான் இந்த நோயில் என்னை மிகவும் வருத்துவது.

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழும் அதில் ஒன்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்குத் தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் படித்த பள்ளிகள் அவை. தாராவி இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான இடம். அதில் பல லட்சம் பேர். காது ஒழுகும் நோய்க்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் காரணங்களை வாசித்தால் ஒரே அறை வீடு ஒன்றை விவரிப்பது போலிருக்கிறது: நெரிசல், காற்றோட்டமின்மை, புகை, சத்துக்குறைவு, நல்ல தண்ணீர் இல்லாமை. ஒரே அறையில் ஆறு பேர் தூங்கினால் ஒருவரின் சளி எல்லோருக்கும் போகிறது, கைக்குழந்தையின் மூக்கில் நியூமோகாக்கஸ் சீக்கிரமே குடியேறுகிறது. எத்தனை இளம் வயதில் குடியேறுகிறதோ, அத்தனை சீக்கிரம் காது சீழ்பிடிக்கத் தொடங்குகிறது. வசதியான மாட்டுங்காவின் அடுக்ககத்துக் குழந்தைக்கும் அதே சளி அதே நோயைத் தரலாம். ஆனால் அந்தக் குழந்தை முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் போய்விடும். நாட்பட்ட நோயாக மாறுவது பெரும்பாலும் ஏழையின் காதில்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2004-இல் வெளியிட்ட கணக்கில், உலகில் ஒழுகும் காதோடு இருப்பவர்கள் 6.5 கோடியிலிருந்து 33 கோடி வரை. அவர்களில் 60 சதவீதத்தினருக்குக் குறிப்பிடத்தக்க கேள்விக் குறைவு. ஓரிடத்தில் இந்நோய் 4 சதவீதத்தைத் தாண்டினால் அவசரமாகக் கவனிக்க வேண்டிய பொதுச் சுகாதாரச் சிக்கல் என்று அது சொன்னது. அந்த உச்ச வரிசையில் இந்தியாவையும் வைத்தது. 2006-07-இல் தேசியக் காதுகேளாமைத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. 2013-இல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டத்தில், பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழு பார்க்க வேண்டிய நோய்களில் நடுச்செவி அழற்சியும் ஒன்று. நியூமோகாக்கஸ் தடுப்பூசி 2017-இல் சில மாநிலங்களில் தொடங்கி 2021-இல் நாடெங்கும் அரசுத் தடுப்பூசிப் பட்டியலில் சேர்ந்தது. ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என்று போடுகிறார்கள். இதில் அளவுக்கு மீறி எதிர்பார்க்க வேண்டாம். பின்லாந்தில் கைக்குழந்தைகளிடம் நடந்த சோதனை 2001-இல் வெளியானது. ஏழு வகை நியூமோகாக்கஸுக்கு எதிரான அந்தக் காலத்து ஊசியால் மொத்தத்தில் காதில் சீழ் பிடிப்பது 6 சதவீதம்தான் குறைந்தது. நிமோனியாவுக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் அந்த ஊசி அவசியம். காதைக் காக்க அதோடு காற்றோட்டமுள்ள வீடும் வேண்டும்.

ஓட்டையை அடைக்கும் முயற்சி பழையது. 1640-இல் மார்க்குஸ் பான்ட்சர் என்பவர் தந்தக் குழாயின் முனையில் பன்றியின் சிறுநீர்ப்பை சவ்வைக் கட்டிக் காதில் வைத்துப் பார்த்தார். 1853-இல் லண்டன் மருத்துவர் ஜோசப் டாயின்பி மெல்லிய ரப்பர் தகட்டை வெள்ளிக் கம்பியில் பொருத்தி ஓட்டையின் மேல் வைத்தார், பலருக்குக் கேட்டது. ஒரு ரப்பர் துண்டு போதும் என்றால் நரம்பில் குற்றமில்லை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. 1950-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வுல்ஸ்டைனும் சோல்னரும் நுண்ணோக்கி வைத்துச் செவிப்பறையைப் புதுப்பிக்கும் அறுவையை முறைப்படுத்தினார்கள். முதலில் தோலை ஒட்டினார்கள். அது உதிர்ந்து, அழுகிச் சிரமம் கொடுத்தது. அந்தப் பத்தாண்டின் முடிவிலிருந்து, பொட்டுத் தசையை மூடியிருக்கும் மெல்லிய உறையிலிருந்து ஒரு துண்டு எடுத்து ஒட்டுகிறார்கள். அறுவை நடக்கும் காதுக்கு மேலேயே கிடைப்பது, நோயாளியின் உடலுடையதே ஆனது, ரத்த ஓட்டம் குறைவாக இருந்தாலும் பிழைப்பது. அதன் மேல் பறையின் தோல் ஊர்ந்து வந்து மூடிக்கொள்ளும். அரித்துப்போன எலும்புக்குப் பதிலாக மிச்சமுள்ள எலும்பையே செதுக்கியோ டைட்டானியத் துண்டு வைத்தோ தொடர்பை மீட்கிறார்கள்.

தாராவியிலேயே இருக்கும் நகர்ப்புற நல மையத்தை மக்கள் சோட்டா சயான் என்கிறார்கள். லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனையின், அதாவது சயான் ஆஸ்பத்திரியின், கிளை அது. முதலில் அங்கே காட்டி, காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்குச் சயான் போகலாம். கேள்வியை அளக்கவும் கருவி பெறவும் பாந்த்ராவில் 1983-இல் தொடங்கிய அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இருக்கிறது. ஒழுகும் காதில் சாதாரணக் காதுகேள் கருவியின் அச்சைச் செருகினால் காற்று புகாமல் சீழ் கூடும் என்பதால், சில பிள்ளைகளுக்குத் தலைப்பட்டையில் வைத்து எலும்பை அதிரச் செய்யும் கருவி கொடுப்பார்கள். காது காயும்வரை, தலைக்குக் குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சால் துளையை மூட வேண்டும். அறுவைக்கு முறை வரும்வரை மாதங்கள் ஆகலாம். அதற்குள் ஆசிரியர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: பிள்ளையை முதல் வரிசையில், நல்ல காது தன் பக்கமும் ஒழுகும் காது சன்னல் பக்கமும் இருக்கும்படி உட்காரவைத்து, கரும்பலகையைப் பார்த்து அல்ல, பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுவது.